லூர்தம்மாவின் பெயரும் ஒரு நாள் பயணமும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அடுக்கு இருக்கிறது. அதில் என் மாமியாரின் மாமியார் பெயர் வெட்டியிருக்கிறது. அவரை நான் பார்த்ததில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அந்த அடுக்கை இறக்கி, புளி போட்டுத் துலக்கும்போது அவர் பெயரைக் கையால் தடவிப் பார்ப்பேன். நம்மில் பல பெண்களின் பெயர் பாத்திரத்தில்தான் பத்திரமாக இருக்கிறது, இல்லையா சகோதரிகளே?

அப்படி ஒரு பெயர் வெட்டத்தான் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நானும் லூர்தம்மாவும் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்குக் கிளம்பினோம். நேராகப் போயிருந்தால் அரை மணி நேரத்துக் காரியம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

லூர்தம்மா எங்கள் அடுத்த தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். முழுப் பெயர் லூர்து மேரி. பதினெட்டு வருஷமாக என் ரவிக்கை எல்லாம் அவர் கை தைத்ததுதான். அவர் மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை, எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அந்த இருபது நாளும் லூர்தம்மா தையல் மெஷினைத் தொடவில்லை. இப்போது குழந்தை தேறி, நன்றாகப் பால் குடிக்கிறாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாட்டி சீராக ஒரு வெள்ளிக் கிண்ணம். அதில் குழந்தையின் பெயர் வெட்ட வேண்டும்.

என்ன பெயர் என்பதில்தான் சிக்கல். மருமகள் நல்ல பெண். பாங்கில் வேலை. சின்னதாக, அழகாக ஒரு பெயரை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தாள். ஞானஸ்நானப் பெயராகத் தன் பெயரை வைக்கலாமே என்று லூர்தம்மாவுக்கு ஓர் ஆசை. ஜாடையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மருமகள் கோபிக்கவில்லை. "போன்ல தேடிப் பார்த்தேன் அத்தை. அது ஒரு ஊர் பேருன்னுதான் வருது. அர்த்தம் ஒண்ணும் இல்லையே" என்று மட்டும் சொன்னாளாம்.

"அது ஒண்ணும் தப்பா கேக்கல மாமி. எனக்குத்தான் பதில் தெரியல. இத்தினி வருஷம் இந்தப் பேரைச் சொமந்துகிட்டிருக்கேன், என்னா அர்த்தம்னு ஒரு நாளு கேட்டதில்ல. நீங்க நாலு பொஸ்தகம் படிக்கிறவங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. என் பெண் பிறந்தபோது என் அம்மாவின் பெயரை வைக்க நானும் ஆசைப்பட்டவள்தான். "ரொம்பக் கர்நாடகமாக இருக்கிறதே" என்று நாலு பேர் சொன்னார்கள். விட்டுக் கொடுத்துவிட்டேன். இன்று அம்மாவும் இல்லை, அந்தப் பெயரும் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் ஒரு வாரம் நூல் நிலையத்துக்கு நடந்து, என் பெண்ணையும் போனில் தேடச் சொல்லி, கிடைத்ததையெல்லாம் ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டும் என் கைப்பையில் வந்தது.

முதலில் லஸ் பக்கம் நடந்தோம். தெருவுக்குள் ஒதுங்கி இருக்கும் பிரகாச மாதா கோவிலுக்குப் போய் ஒரு நிமிஷம் நின்று வரலாம் என்றார் லூர்தம்மா. அந்தக் காலத்தில் இந்த இடம் மரமும் செடியுமாக இருந்ததால், 'காட்டுக் கோவில்' என்றே பழைய மயிலாப்பூர்க்காரர்கள் சொல்வார்கள். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைத் தொடர்ந்து கரை சேர்ந்து, அது மறைந்த இடத்தில் கோவில் கட்டினார்கள் என்பது கதை. கோவிலில் 1516 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் 'லஸ்' என்றால் வெளிச்சம். அதுதான் 'லஸ் கார்னர்' ஆயிற்று.

"அப்பிடியா! நாம தெனம் பத்து வாட்டி லஸ்ஸு லஸ்ஸுன்னு சொல்றோம். எவளாச்சும் அர்த்தம் கேட்டிருக்கோமா?" என்று சிரித்தார் லூர்தம்மா. எனக்கும் சிரிப்பு வந்தது. வெளிச்சம் என்று தெரியாமலே அங்கே காய்கறி வாங்கி, பஸ் ஏறி, மருந்து வாங்கி எத்தனை வருஷம் ஓட்டியாயிற்று!

அங்கிருந்து சாந்தோம். வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் காற்றில் சற்று உட்காரலாம் என்று பேராலயத்துக்குப் போனோம். இப்போது நாம் பார்க்கும் உயர்ந்த வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-ல் அர்ச்சிக்கப்பட்டது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-ல் ஏற்பட்டு, 1952-ல் சென்னையோடு சேரும் வரை போர்த்துகீசியர் ஆதரவில் இருந்தது. ஆகவே இந்தப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் ரொசாரியோ, பெர்னாண்டஸ் என்று போர்த்துகீசிய வாடை வீசும் பெயர்கள் உண்டு. 'லூர்து' அந்த வழி வந்ததல்ல. அது பிரான்சிலிருந்து புறப்பட்டு, புதுச்சேரியில் இறங்கி, தென்னாற்காட்டு மண்ணில் நடந்து, பிறகு பட்டணம் வந்த பெயர்.

"அப்ப என்னை மாதிரியேதான்!" என்றார். கல்யாணமாகி வந்த பிறகுதான் லூர்தம்மா பட்டணத்தைப் பார்த்தார். பிறந்த ஊர் வில்லியனூர்ப் பக்கம்.

வில்லியனூர் புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். 1870களில் அங்கே லூர்து மாதாவுக்குக் கோவில் எழும்பிற்று. சொரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. நம் கோவில்களைப் போலவே அந்தக் கோவிலுக்கு முன்னால் படிக்கட்டு வைத்த குளம் உண்டு. 1776 முதல் புதுச்சேரிப் பகுதியில் பாரிஸ் சபைக் குருக்கள்தான் ஊழியம் செய்தார்கள். மதுரை, திருச்சிப் பக்கம் 1830களின் கடைசியிலிருந்து பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள். தங்கள் நாட்டில் புதிதாகப் பேர் பெற்ற மாதாவை அவர்கள் இங்கே கொண்டு வந்தார்கள். திருச்சித் தெப்பக்குளத்தின் அருகே ஊசிக் கோபுரத்தோடு நிற்பதும், நம் பெரம்பூரில் மேல் கோவில், கீழ்க் கோவில் என்று இருப்பதும் லூர்து மாதா கோவில்கள்தான்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க தங்கல மாமி. மூணாவது நானு. ஆறு மாசத்துல எனக்குப் பேதி. கண்ணு சொருகிப் போச்சாம். அப்பா என்னைத் தூக்கிக்கிட்டுப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. அம்மா வில்லியனூர் மாதாகிட்ட ஓடிச்சு. பொழைச்சா உன் பேருன்னு வேண்டிக்கிச்சாம். மருந்தும் வேணும், மாதாவும் வேணும்னு அம்மா எப்பவும் சொல்லும். அதுக்கு முன்னாடி எனக்கு வீட்ல வேற ஏதோ பேராம். அது இன்னான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல."

"நீங்கள் பிறந்தது எந்த வருஷம்?"

"அம்பத்தெட்டு."

நான் நோட்டைப் பிரித்தேன். லூர்து மாதாவின் கதை நடந்தது 1858-ல். சரியாக நூறு வருஷம்!

கெபியில் மாதாவும் எதிரே முழங்காலிட்ட ஒரு சிறுமியுமாக இருப்பதைப் பல கிறிஸ்தவக் கோவில்களில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறுமி பெர்னதெத். பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் லூர்து என்ற சிற்றூரில் மாவு மில்காரரின் மகள். தொழில் நொடித்துப் போய், அந்தக் குடும்பம் முன்பு சிறையாக இருந்த ஓர் இருட்டறையில் குடியிருந்தது. பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு நோய். 14 வயதாகியும் எழுதப் படிக்கத் தெரியாது. 1858 பிப்ரவரி 11 அன்று தங்கையோடும் ஒரு தோழியோடும் விறகு பொறுக்கப் போனவள், ஆற்றோரக் குகையில் வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையுமாக ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னாள். ஜூலை 16 வரை 18 தடவை கண்டதாகக் கணக்கு. போலீஸ் அதிகாரி கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தார். அவள் சொன்னதை மாற்றவில்லை.

பெர்னதெத் என்பதும் பிரெஞ்சுப் பெயர்தான். பெர்னார்டு என்ற ஆண் பெயரின் பெண் வடிவம், அதையும் செல்லமாகச் சுருக்கியது. மூலம் பழைய ஜெர்மானிய மொழி. கரடியைப் போல் துணிச்சல் என்று அர்த்தம். இளைப்பு வந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

இதற்கு மேல்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம். "அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு வா" என்று ஊர்ச் சாமியார் பெர்னதெத்திடம் சொல்லியிருந்தார். மார்ச் 25 அன்று பதில் கிடைத்தது, பெரிய பிரெஞ்சு மொழியில் அல்ல, அந்த ஏழைப் பெண் வீட்டில் பேசும் வட்டாரப் பேச்சில். 'அமல உற்பவம் நானே' என்பது அதன் கருத்து. ஜென்ம பாவம் படாமல் கருவானவள் என்று விளக்குவார்கள். பெர்னதெத்துக்கு அது ஒன்றும் புரியவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அந்த வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாளாம்.

லூர்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கும் அர்த்தம் தெரியலையா மாமி?"

"தெரியாது. பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தாள், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு லூர்தம்மா எழுந்து, "பெசன்ட் நகர் போயிட்டுப் போலாம் மாமி. கொழந்தைக்காக மெழுவத்தி நேந்துக்கிட்டேன்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. நோட்டில் மீதி இருந்ததைச் சொன்னேன். லூர்து மாதாவின் பெயரைத் தாங்கிய பெரியவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! 1957-ல் அமைந்த காமராஜர் மந்திரிசபையில் இருந்த ஒரே பெண் லூர்தம்மாள் சைமன், குளச்சல் தொகுதியிலிருந்து வந்தவர். 1985-ல் கர்தினால் ஆன லூர்துசாமி ஆண்டகை தென்னாற்காட்டு மண்ணில் பிறந்தவர். அவருடைய தம்பியும் குருவானவர், பெரிய அறிஞர். பெயர் அமலோற்பவதாஸ். அண்ணனுக்கு அந்த ஊரின் பெயர். தம்பிக்கு அந்த ஊரில் கேட்ட வார்த்தையின் பெயர். ஒரே வீட்டில் இரண்டும்!

'அமலோற்பவம்' எவ்வளவு அழகான தமிழ்ப் பெயராக நம் காதில் விழுகிறது! பெர்னதெத்தும் ஜோஸ்பினும் பிரெஞ்சு வடிவத்திலேயே வந்து பழகிவிட்டன. லூர்தோ லூர்தம்மாள், லூர்துசாமி, லூர்துராஜ் என்று அம்மாளும் சாமியும் ராஜாவும் சேர்த்துக்கொண்டு நம்மவராகவே ஆகிவிட்டது. ஸ்பெயின், போர்ச்சுகல், பிரேசில், மெக்சிகோ நாடுகளிலும் இது பெண்களுக்குப் பழக்கமான பெயர்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் 'லூர்த்' என்று வல்லின மெய்யில் முடித்துவிடுவார்கள். நமக்கு அப்படி நிறுத்த வராது. ஓர் உகரம் சேர்த்து 'லூர்து' ஆக்கிக்கொண்டோம். பத்தாம் வகுப்புக் குற்றியலுகரம் இத்தனை வருஷம் கழித்து எனக்கு உபயோகப்பட்டது! இன்னொரு வேடிக்கை. பெர்னதெத் பேசிய வட்டாரப் பேச்சில் அந்த ஊரை ஏறக்குறைய 'லூர்தோ' என்றுதான் சொல்வார்களாம். "அட, எங்க ஊர்ல என்னைக் கூப்பிடறாப்பலயே இருக்கே!" என்று லூர்தம்மா வாய்விட்டுச் சிரிக்க, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஊரின் பெயருக்கு என்ன அர்த்தம்? அதற்கு ஒரு பழங்கதை உண்டு. சார்லிமேன் என்ற பேரரசர் 8-ம் நூற்றாண்டில் அந்த ஊர்க் கோட்டையை முற்றுகையிட்டாராம். கோட்டைத் தலைவன் மிராத் அவருக்குப் பணியவில்லை. கடைசியில் மாதாவுக்குத்தான் பணிந்து, ஞானஸ்நானம் பெற்று 'லோருஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டானாம். அதுவே ஊருக்கு ஆயிற்று என்கிறது கதை. மனிதன் பெயர் ஊருக்குப் போய், ஊரின் பெயர் மறுபடி மனிதர்களுக்கு வந்திருக்கிறது.

பெசன்ட் நகரில் இறங்கியதும் கடல் காற்று முகத்தில் அடித்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த அன்னை வேளாங்கண்ணி கோவிலில் சனிக்கிழமைக் கூட்டம். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் திருவிழாவின்போது காவி உடுத்தி நடந்து வருபவர்களை நம் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். லூர்தம்மா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு அவர் என்னோடு அஷ்டலட்சுமி கோவில் வரை நடந்து வந்து, நான் தரிசனம் முடித்து வரும் வரை வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது, சுண்டல் விற்ற ஒரு பையனை அவன் அம்மா "டேய் வேளாங்கண்ணி!" என்று கூப்பிட்டாள். எனக்குப் பளிச்சென்றது.

வேளாங்கண்ணி ஊர்தானே? பழனி ஊர். சிதம்பரம் ஊர். காசி, திருப்பதி, அண்ணாமலை எல்லாம் மனிதருக்கு வைக்கும் பெயராகவும் இருக்கிறதே! எங்கள் குடும்பத்திலேயே இரண்டு சிதம்பரம் உண்டு. அவர்களைப் பார்த்து "அர்த்தம் என்ன?" என்று யாராவது கேட்டோமா? எந்த ஊரில் அம்மா மடியேந்தி அழுதாளோ, அந்த ஊரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம். அந்தப் பெயருக்கு அகராதியில் இருப்பது ஓர் அர்த்தம். 'இந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொண்டாள்' என்பது இன்னோர் அர்த்தம். பிரான்சு எங்கே, வில்லியனூர் எங்கே! ஆனால் லூர்து என்ற பெயர் நம்மிடம் பழனியும் சிதம்பரமும் வந்த பாதையில்தான் வந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் லூர்தம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்து மருமகளுக்குப் போன் போட்டார். "அர்த்தம் கேட்டியே கண்ணு, மாமி கண்டுபிடிச்சிட்டாங்க" என்று ஆரம்பித்து, தன் அம்மா வில்லியனூருக்கு ஓடிய கதையையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"எங்கப்பா பேரே பழனிதானே அத்தை. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

வேறு ஒன்றும் பேசவில்லை. குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

தி.நகர் போய்ச் சேரும்போது பனகல் பார்க்கைச் சுற்றி விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. கூட்டத்தில் லூர்தம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார், கிண்ணம் அதற்குள் இருந்தது. பாத்திரக் கடை ஓரத்தில் சின்ன மெஷினை வைத்துக்கொண்டு பெயர் வெட்டும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பேரும்மா? எழுத்துக் கணக்குதான். காகிதத்துல எழுதிக் குடுங்க. அப்புறம் தப்புன்னு சொல்லக் கூடாது."

அந்த வார்த்தையில் லூர்தம்மாவுக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. அவர் பெயரை ஒரு கார்டில் 'லூருது' என்றும் இன்னொன்றில் 'லூர்ட்ஸ்' என்றும் எழுதி, அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நாலு மாதம் நடந்தவர் அவர். பையிலிருந்து தையல் அளவு எழுதும் சிட்டையை எடுத்து, மருமகள் தேர்ந்தெடுத்த பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். ஓர் எழுத்துக்கு இரண்டு தடவை சரி பார்த்தார்.

"உங்கள் பெயர்?" என்றேன் மெதுவாக.

"வேணாம் மாமி. பெத்தவ அவ. அவ ஆசைப்படி வெக்கட்டும். எனக்கு அர்த்தம் தெரிஞ்சுபோச்சு. அது போதும்."

பெரியவர் கிண்ணத்தை வாங்கி மெஷினைப் போட்டார். முதல் எழுத்து பாதி ஆவதற்குள் லூர்தம்மாவின் போன் அடித்தது. மருமகள்தான்.

"அத்தை, வெட்டிட்டாங்களா? கீழ இடம் இருந்தா லூர்துன்னும் போடச் சொல்லுங்க. ஞானஸ்நானத்துக்கு அந்தப் பேரையே குடுத்துரலாம்னு அவரும் சொல்றாரு. எங்கப்பாவும் சரின்னுட்டாரு."

லூர்தம்மாவால் பேச முடியவில்லை. நான்தான் சிட்டையை வாங்கி, கீழே 'லூர்து' என்று எழுதினேன். மூன்றே எழுத்து. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காசு வேணாம்மா. எங்க ஆயா பேரு" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "வில்லியனூரா?" என்று லூர்தம்மா கேட்க, "இல்லம்மா, பெரம்பூர். நேந்துக்கிட்டு வெச்ச பேராம்" என்றார் தலை நிமிராமல்.

சகோதரிகளுக்கு இன்னும் ஒரு சேதி. லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11-ஐத்தான் 1993 முதல் கத்தோலிக்கத் திருச்சபை உலக நோயாளர் தினமாக அனுசரிக்கிறது. பிரான்சில் அந்த ஊருக்குப் போய்க் குணமானதாகச் சொல்பவர்களை ஆராய 1883 முதல் அங்கே டாக்டர்கள் குழு இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னதில், திருச்சபை புதுமை என்று ஏற்றது எழுபதுக்குச் சற்று மேல்தானாம். மருந்தும் வேணும், மாதாவும் வேணும் என்று லூர்தம்மாவின் தாயார் சொன்னதை அந்த ஊரும் அறிந்துதான் வைத்திருக்கிறது. பெர்னதெத்தே பிற்காலத்தில் கன்னியர் மடத்தில் சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தாள். நோயிலேயே 1879-ல், 35 வயதில் கண்ணை மூடினாள். 1933-ல் அவளுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

உங்கள் வீட்டிலும் அர்த்தம் தெரியாத பெயர் ஒன்று பாட்டிக்கோ அத்தைக்கோ இருக்கும். சிரித்து ஒதுக்குவதற்கு முன்னால், அதை ஏன் வைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

ஞானஸ்நான விருந்துக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். வெள்ளிக் கிண்ணத்தில் வெந்நீர் ஆற்றி, பாலாடையில் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டினாள் மருமகள். பாட்டி புதிதாகத் தைத்த வெள்ளைக் கவுனில், எட்டாம் மாதத்தில் பிறந்த அந்தச் சின்ன லூர்து நன்றாகக் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண்ணிடம், "உன் பாட்டி பெயர் என்னவென்று தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றாள். "அதை ஏன் வைத்தார்கள் என்று?" என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றாள்.